தெய்வ உருவத்தை வருணிக்கும் தியான சுலோகம் படித்தும் உருவம் மனதில் நிற்கவில்லை. வழி சொல்லுங்கள்

கேள்வி (பாலக்கோடு): நடராசரைப் படம் பார்த்து வரையாமல், தியானத்தில் கண்டு வரைய ஆசை. கண்ணை மூடினால் காலண்டர் படம்தான் வருகிறது. கை தெரிந்தால் கால் மறைகிறது. ஏன்?

பதில் (அதியமான்கோட்டை): முழு உருவத்தையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்ப்பதால்தான் கலைகிறது, தம்பி. பாதாதிகேசமாக, அதாவது பாதத்தில் தொடங்கித் தலைவரை போங்கள். காலடியில் கிடக்கும் அசுரன் முயலகன்மேல் ஊன்றிய வலப்பாதம் மட்டும் முதலில். அது நிலைத்த பிறகு தூக்கிய இடப்பாதம், அதைச் சுட்டும் முன் இடக்கை, அபயம் தரும் முன் வலக்கை, பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. முகத்தில் தொடங்கினால் காலண்டர் முகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்; அதைக் கடைசியில் வையுங்கள். ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பு, பத்து நிமிடம் போதும். எழுந்த கையோடு கரித்துண்டால் வரையுங்கள். கோடு எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தை மனம் இன்னும் காணவில்லை. மறுநாள் அங்கிருந்து தொடங்குங்கள்.

பலரும் தவறுவது இட வலத்தில். சுவாமியின் வலம் பார்ப்பவருக்கு இடம். உடுக்கை தாளில் உங்கள் இடப்பக்கம் வரவேண்டும்.

பதில் (ஓசூர்): இதோடு தாளக்கணக்கும், அதாவது சிற்பத்தின் உறுப்பு அளவு முறையும் வேண்டும். சிவனுக்கு உத்தம தசதாளம் என்ற அளவு, அதாவது மொத்த உயரம் 124 அங்குலம். இது அளவுநாடா அங்குலம் இல்லை. உருவத்தின் உயரத்தை 124ஆல் வகுத்து வருவது. 62 செ.மீ. உருவம் என்றால் அங்குலம் 5 மி.மீ. நடராசருக்கு முழங்கால் மடங்கியிருப்பதால், நிமிர்ந்து நின்றால் வரும் உயரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். மடங்கிய உயரத்தையே 124 என்று கொண்டால் தலை சிறுத்துவிடும். உச்சியிலிருந்து விடும் தூக்குநூல் ஊன்றிய பாதத்தின்மேல் விழட்டும். விலகினால் ஆடுகிறவர் விழுகிறவராகத் தெரிவார்.

கேள்வி கேட்டவர்: சுலோகமும் கணக்குமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என் கற்பனைக்கு என்ன வேலை ஐயா?

பதில் (கிருஷ்ணகிரி): நிறைய இருக்கிறது. ஆயுதமும் முத்திரையும் சுலோகத்தில் உண்டு. சடை எவ்வளவு வேகத்தில் விரிகிறது, முயலகன் முகத்தில் வலியா வியப்பா, தீயின் ஒளி எந்தத் தோளில் படுகிறது என்பதெல்லாம் நீங்கள் காண வேண்டியவை. நம் பக்கத்து மூன்றடுக்கு நடுகற்களை நின்று பாருங்கள். கீழே போர், நடுவில் வீரனைத் தேவமகளிர் அழைத்துப் போவது, மேலே லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பது. கீழடுக்கு ஊரார் அறிந்த செய்தி. மேல் இரண்டும் எவர் கண்ணும் காணாதவை. அடுக்கு முறை மரபுதான், ஆனால் அந்த மகளிர் அவன் தோளை எப்படித் தாங்குகிறார்கள் என்பது கல்லுக்குக் கல் மாறும். அந்த மாற்றம் சிற்பி உள்ளே கண்டது.

பதில் (அதியமான்கோட்டை): ஒன்று விட்டுப்போனது. கருவிழியை மற்ற எல்லாம் முடிந்த பிறகே வையுங்கள். முன்பே வைத்தால் பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டு, மற்ற உறுப்புகளின் பிழை கண்ணில் படாது.