டேன் கார்ட்டர் இவ்ளோ அடிபட்டும் 2015 வரைக்கும் எப்படித் தாக்குப்பிடிச்சாரு?

மழைப்பிரியன்:
வணக்கம் மக்களே. நான் ரக்பி பாக்க ஆரம்பிச்சதே லேட்டு, ரூல்ஸ் இன்னும் முழுசா புடிபடல. சமீபத்துல 2015 வேர்ல்ட் கப் ஃபைனல் முழு மேட்ச் பாத்தேன், நியூசிலாந்து 34 ஆஸ்திரேலியா 17. அதுல பத்தாம் நம்பர் போட்ட டேன் கார்ட்டர் ஆடுனது இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. ஒரு கட்டத்துல ஆஸ்திரேலியா விரட்டி வந்து 21-17 ஆக்கிட்டாங்க, எவனுக்கா இருந்தாலும் கை கால் உதறும், இந்த மனுஷன் சுமார் நாப்பது மீட்டர்லேந்து ஒரு டிராப் கோல் (ஆட்டம் ஓடிட்டு இருக்குறப்பவே பந்த தரையில போட்டு, எழும்புறப்ப கோல் கம்பத்துக்கு நடுவுல உதைக்கிறது) அடிச்சாரு பாருங்க, அதோட மேட்ச் திரும்ப இவங்க கைக்கு வந்துருச்சு. அப்புறம் தேடிப் படிச்சா, அதுக்கு முன்னாடி பல வருஷமா அடி மேல அடி, இவரு அவ்ளோதான்னு நெறைய பேரு முடிவே பண்ணிட்டாங்கன்னு போட்டிருக்கு. அப்படி என்னென்ன அடி? ஏன் இவருக்கே திரும்பத் திரும்ப? 2011ல சொந்த நாட்டுல கப் ஜெயிச்சப்ப ஃபைனல்ல இவரு ஏன் இல்ல? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெவரமா சொல்லுங்களேன்.

கறுப்புஜெர்சி:
நல்ல கேள்வி நண்பா. இது 2007லேந்தே ஆரம்பிக்குது. அந்த வருஷ வேர்ல்ட் கப், கார்டிஃப்ல ஃபிரான்ஸ் கூட குவார்ட்டர் ஃபைனல், கார்ட்டருக்கு கெண்டைக்கால்ல பிரச்சன, பாதியில வெளிய போயிட்டாரு, பதிலுக்கு வந்த நிக் எவன்ஸும் அடிபட்டுட்டாரு. கடைசி நிமிஷங்கள்ல ஒரு டிராப் கோல் போட்டா ஜெயிச்சிடலாம், ஆனா அத போட வேண்டிய ரெண்டு பேருமே கிரவுண்ட்ல இல்ல, 20-18ல தோத்தாங்க. 2009 ஜனவரில ஃபிரான்ஸ்ல பெர்பினான் கிளப்புக்கு ஆடப் போன எடத்துல குதிகால் தசைநாண், அதான் அக்கிலிஸ், அறுந்துருச்சு. ஆகஸ்ட்ல சிட்னில திரும்பி வந்து ஆட்டம் முடியுற நேரத்துல பெனால்டி அடிச்சு ஆஸ்திரேலியாவுக்கு எதிரா நியூசிலாந்த 19-18ல ஜெயிக்க வச்சாரு, ஏழு மாசம் கூட ஆகல!

ஆனா 2011 தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாதது. நியூசிலாந்து 1987க்கு அப்புறம் கப்பே ஜெயிக்கல, இருவத்தி நாலு வருஷம், நாடே காத்துட்டு இருக்கு, ஆட்டம் சொந்த ஊர்ல, கார்ட்டர் நல்ல ஃபார்ம்ல இருக்காரு. கனடா மேட்ச்சுக்கு வழக்கமான கேப்டன் ரிச்சி மெக்கா ஆடல, அதனால கார்ட்டருக்கு முதல் தடவையா ஆல் பிளாக்ஸ், அதான் நியூசிலாந்து டீமோட கேப்டன் பொறுப்பு குடுத்தாங்க. அக்டோபர் 1, வெலிங்டன்ல மேட்ச்சுக்கு முந்தின நாள் பிராக்டிஸ், முடிக்கிறப்ப வழக்கமா அடிக்கிற மாதிரி நாலு கிக் அடிச்சுட்டு போலாம்னு அடிக்கிறாரு, பக்கத்துல இடிக்கவோ தள்ளவோ ஒரு ஆளு கெடையாது, அப்படியே கத்திக்கிட்டு கீழ விழுந்துட்டாரு. தொடை இடுக்குல தசைநாண் பிய்ஞ்சு போச்சு. வேர்ல்ட் கப்பும் போச்சு, கேப்டனா ஒரு மேட்ச் ஆடுற வாய்ப்பும் போச்சு.

அதுக்கப்புறம் நடந்தத நீங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். பதிலுக்கு வந்த காலின் ஸ்லேட் குவார்ட்டர் ஃபைனல்ல அடிபட்டாரு. அடுத்து ஏரன் க்ரூடன், அவருக்கு ஃபைனல்ல முழங்கால் மடங்கிருச்சு. நாலாவது ஆளா ஸ்டீபன் டொனால்ட், இவரு முதல்ல எடுத்த டீம்லயே இல்ல, வைக்காட்டோ ஆத்துல மீன் புடிச்சுட்டு இருந்தப்ப கூப்பிட்டாங்க. வயிறு தெரியுற அளவுக்கு சின்ன ஜெர்சி ஒண்ண மாட்டிட்டு வந்து அவரு அடிச்ச பெனால்டிதான் 8-7ல கப்பக் குடுத்துச்சு. கார்ட்டர் அத வெளிய இருந்து பாத்தாரு.

பிசியோ_மதுரை:
அந்த ரெண்டாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றேன், நான் பிசியோதெரபி பாக்குறவ. கார்ட்டர் இடது கால்ல கிக் அடிக்கிறவரு. கால பின்னாடி நல்லா வீசி எடுத்து அங்கேந்து முன்னாடி கொண்டு வர்ற அந்த ஒரு நொடிய கவனிங்க, தொடையோட உள்பக்கத் தசை முழு நீளத்துக்கு இழுபட்டு இருக்குறப்பவே சுருங்கவும் செய்யணும். அந்தத் தசை இடுப்பெலும்புக்கு முன்னாடி வந்து ஒட்டுற எடத்துலதான் மொத்த பாரமும் எறங்குது. ஒரு தடவ அடிச்சா ஒண்ணும் ஆகாது. சின்ன வயசுலேந்து தெனமும் பிராக்டிஸ், வாராவாரம் மேட்ச், அதுக்கு மேல எதிராளிய இடிச்சு மறிக்கிற வேல வேற, எல்லாம் சேர்ந்து அந்த எடம் நைஞ்சுக்கிட்டே வரும், ஒரு நாள் சாதாரண கிக்குலயே விட்டுரும். அதனால "சும்மா பிராக்டிஸ்ல போயி இப்படி ஆயிருச்சே, விதி"ன்னு பேசுறத கேட்டா எனக்கு ஒப்புக்கவே முடியல. அது பல வருஷத்துச் சுமை, அன்னைக்கு வெளிய தெரிஞ்சுது, அவ்ளோதான். எதுல அவரு உலகத்துலயே பெரிய ஆளோ அதேதான் அவரு உடம்பையும் தின்னுச்சு.

இன்னொண்ணு, ஒரு எடத்துல அடிபட்டவங்க தங்களுக்கே தெரியாம நடைய, ஓட்டத்த மாத்திக்குவாங்க, பாரம் வேற எடத்துக்குப் போகும். கார்ட்டருக்கு அப்படித்தான் ஆச்சுன்னு நான் சொல்ல வரல, அவர பரிசோதிச்சவங்களுக்குத்தான் அது தெரியும். ஆனா என்கிட்ட வர்ற ஃபுட்பால் பசங்க கிட்ட இத அடிக்கடி பாக்குறேன். வலி போயிருச்சுன்னு ஆறாவது வாரமே கிரவுண்டுக்கு ஓடுவானுங்க, திரும்ப வேற ஒரு வலியோட வருவானுங்க. தயவுசெஞ்சு யாரும் அப்படிப் பண்ணாதீங்க.

லைன்அவுட்_செல்வா:
கறுப்புஜெர்சி அண்ணே 2011ஓட நிறுத்திட்டீங்க, எனக்கு அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்தான் பெருசு. 2012ல திரும்பி வந்து உலகத்தோட சிறந்த வீரர் விருது வாங்குனாரு, சரி. 2013 நவம்பர்ல ட்விக்கன்ஹாம்ல இங்கிலாந்து கூட 100வது டெஸ்ட் (நாட்டுக்காக ஆடுற மேட்ச்), வாழ்க்கையில ஒரு தடவ வர்ற நாளு, அரை மணி நேரம் கூட ஆடல, திரும்ப அக்கிலிஸ், வெளிய போயிட்டாரு. அதுக்கப்புறம் ஆறு மாசம் ரக்பியே வேண்டாம்னு லீவு எடுத்தாரு பாருங்க, அங்கதான் அவரு 2015 வரைக்கும் ஓடுறதுக்கு வழி பண்ணிக்கிட்டாருன்னு நான் நெனைக்கிறேன். ஓய்வு எடுத்தா எடம் போயிரும்னு பயந்து வலியோட ஆடுறவங்கதான் அதிகம், ஏன்னா வெளிய உக்காந்தா இன்னொருத்தன் வந்து உக்காந்துருவான், இங்க வந்தும் உக்காந்தாங்க, க்ரூடன், போடன் பாரெட் ரெண்டு பேருமே லேசுப்பட்ட ஆளுங்க இல்ல.

லீவு முடிஞ்சு வந்தா 2014 சூப்பர் ரக்பிங்கற கிளப் போட்டி ஃபைனல்ல கால் எலும்புல விரிசல், அவரோட டீம் க்ரூசேடர்ஸ் 33-32னு ஒரே பாயிண்ட்ல தோத்தாங்க. எனக்குமே அன்னைக்கு நம்பிக்க போயிருச்சு. 2015 ஏப்ரல்ல க்ரூடனுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சுது, அந்தப் பையனுக்கு நெனச்சா இப்பவும் வருத்தமா இருக்கு. கோச் ஸ்டீவ் ஹான்சன் கார்ட்டர கைவிடல, நம்பி எடுத்துட்டுப் போனாரு. குவார்ட்டர் ஃபைனல் எங்கன்னு நெனைக்கிறீங்க, அதே கார்டிஃப், அதே ஃபிரான்ஸ், இந்தத் தடவ 62-13! செமி ஃபைனல்ல தென்னாப்பிரிக்கா கூட மழையில 20-18, அதுலயும் ஒரு டிராப் கோல். ஃபைனல்ல 19 பாயிண்ட். கடைசி கன்வெர்ஷன (டிரை, அதாவது பந்த எதிராளி கோட்டத் தாண்டி தரையில வச்சதுக்கு அப்புறம் அடிக்கிற கூடுதல் கிக்) திரும்பப் போட்டுப் பாருங்க, இடது கால்காரரு வலது கால்ல அடிச்சிருப்பாரு. எனக்கு அங்க கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த வருஷமும் சிறந்த வீரர் அவருதான், 2005, 2012, 2015னு மூணு தடவ.

மழைப்பிரியன்:
வலது கால்ல அடிச்சத நான் கவனிக்கவே இல்ல, இப்பத்தான் போட்டுப் பாத்தேன், உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு. பிசியோ அக்கா, அந்த வெளக்கத்துக்கு ரொம்ப நன்றி, என் தம்பி காலேஜ் ஃபுட்பால் ஆடுறான், அவனுக்கு அப்படியே அனுப்பிட்டேன். 2015க்கு அப்புறம் என்ன ஆச்சு? அடிபடுறதுக்கு முன்னாடி ஆடுன கார்ட்டரப் பாக்கணும்னா எந்த மேட்ச்?

கறுப்புஜெர்சி:
ஆல் பிளாக்ஸுக்கு அந்த ஃபைனல்தான் கடைசி, 112 டெஸ்ட், 1598 பாயிண்ட். அப்புறம் பாரிஸ்ல ரேசிங் 92, 2016ல ஃபிரான்ஸ் லீக்கையே ஜெயிச்சாங்க, ஃபைனல் பார்சிலோனாவுல கேம்ப் நூ ஸ்டேடியத்துல நடந்துச்சு, அந்த டூலோன் மேட்ச்ல ரேசிங் ஆரம்பத்துலயே ஒரு ஆள் கம்மியாயிட்டாங்க, பதினாலு பேரு ஆடி ஜெயிச்சாங்க. ஜப்பான்ல கோபே டீமுக்குப் போயி 2018ல அங்கயும் கப்பு. 2021ல ஓய்வு.

பாக்கணும்னா 2005 ஜூலை, வெலிங்டன், பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து ஆளுங்க சேர்ந்து ஆடுற டீம்) கூட ரெண்டாவது டெஸ்ட், 48-18. ரெண்டு டிரை, மொத்தம் 33 பாயிண்ட், அவருக்கு அப்ப 23 வயசு. ஹைலைட்ஸ் பாக்காதீங்க, முழுசா பாருங்க. பந்து கையில இல்லாதப்ப அவரு எங்க நிக்கிறாரு, யாரக் கூப்பிடுறாருன்னு கவனிங்க. பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க, பேசுவோம்.