செர்ரி-பிக் செய்த கமிட்டின் மூலத்தைக் கண்டுபிடிக்க உதவி தேவை

கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்-டில் ஒரு ரிலீஸ் கிளை. முதன்மைக் கிளையான மெயினிலிருந்து செர்ரி-பிக் ஆன (தனித்தனியாக எடுத்து நகலெடுத்த) 40 கமிட்டுகள் (பதிந்த மாற்றங்கள்). ஒன்றிலும் ‘-எக்ஸ்’ ஆப்ஷன் போடவில்லை. போட்டிருந்தால் மூலக் கமிட்டின் ஹாஷ் (அடையாளக் குறியீடு) கமிட் செய்தியின் கடைசியிலேயே இருந்திருக்கும். எந்தக் கிளையில் பிறந்தது என்பதையும் கிட் கமிட்டில் பதிவதில்லை. (கிட் போன்ற இன்னொரு கருவியான மெர்க்கூரியல் பதியும், கிராஃப்ட் (அதன் செர்ரி-பிக்) செய்தால் மூலத்தையும் சேர்த்தே. இந்த விஷயத்தில் அதுதான் கெட்டி.)

‘கிட் செர்ரி மெயின் ரிலீஸ்’ 31-க்கு மைனஸ் காட்டியது, அதாவது அதே மாற்றம் மெயினிலும் இருக்கிறது. ஜோடி எது என்று சொல்லாது. அதனால் இரு கிளைகளின் ‘லாக் -பி’ வெளியீட்டையும் (மாறிய வரிகளோடு கமிட் பட்டியல்), மாற்றத்தின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாளம் கணக்கிடும் ‘கிட் பேட்ச்-ஐடி’க்குக் கொடுத்து, வரிசைப்படுத்தி இணைத்தேன். 31-உம் கிடைத்தன.

மீதி 9-இல் மோதலைத் தீர்க்கையில் வரிகள் மாறிவிட்டதால் பேட்ச்-ஐடி ஒத்துப்போகவில்லை. செர்ரி-பிக் எழுதியவரின் தேதியை மாற்றாது, கமிட் செய்த தேதியைத்தான் மாற்றும். எழுதியவர் பெயர், தேதி இரண்டையும் வைத்துப் பொருத்தியதில் இன்னும் 6.

மிச்சமுள்ள 3 மட்டும் இடிக்கிறது. பல கமிட்டுகளை ஸ்குவாஷ் செய்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் போல. இரு கமிட் வரிசைகளை ஒப்பிடும் ‘ரேஞ்ச்-டிஃப்’பில், எவ்வளவு வேறுபட்டாலும் ஜோடி சேர்க்கலாம் என்று சொல்லும் கிரியேஷன்-ஃபேக்டரை 60-லிருந்து ஏற்றினால் பிடிபடுமா? அது ஒன்றுக்கு ஒன்றாகத்தானே ஜோடி சேர்க்கும்?

கூடவே, மூல ஹாஷ் வரி இல்லாத புஷ்ஷை ப்ரீ-ரிசீவ் ஹுக்கில் (புஷ்ஷை ஏற்கும் முன் சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்) தடுத்தவர்கள் இருந்தால் ஸ்கிரிப்டைப் பகிருங்கள்.