எஸ்டேட் பங்களா புத்தகங்கள்: முதல் பதிப்பா என்று எப்படிப் பார்ப்பது?

குன்னூரான்: வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது மரப்பெட்டி நிறைய பழைய ஆங்கிலப் புத்தகங்கள் என் கைக்கு வந்தன. மேக்மில்லன், மெத்துவென் என்ற லண்டன் பதிப்பகங்களின் நாவல்கள்தான் அதிகம். நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைப் பற்றி ரிவர்ஸ் எழுதிய ‘தி டோடாஸ்’ ஒன்றும் இருக்கிறது, மேக்மில்லன், 1906. பார்க்க வந்த வியாபாரி “எல்லாமே பர்ஸ்ட் எடிஷன் சார்” என்கிறார், விலை மட்டும் எடைக்குப் போடுகிற மாதிரி சொல்கிறார். தலைப்புப் பக்கத்தில் வருடம் இருந்தால் போதுமா?

பழையதாள்: போதாது சார். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள், விஷயம் அங்கேதான். மேக்மில்லன் மறுஅச்சு போட்டால் எந்தெந்த வருடம் என்று பெரும்பாலும் அங்கே வரிசையாகக் குறித்துவிடுவார்கள். மெத்துவென் 1905 முதல் ‘முதலில் வெளியான ஆண்டு’ என்று ஒரு வரி போட ஆரம்பித்தார்கள், அதற்குக் கீழே இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று எதுவும் இல்லாவிட்டால் நல்லது. அவர்களுடைய புத்தகங்களின் கடைசியில் விற்பனைப் பட்டியல் ஒன்றையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள், அதில் தேதி இருக்கும். புத்தகம் 1908, பட்டியல் 1910 என்றால் பிற்பாடு பைண்ட் செய்த பிரதி.

நம் மலையில் இன்னொரு சிக்கல். துரைமார் இங்கே வாங்கிப் படித்த நாவல்களில் பாதி ‘காலனியல் லைப்ரரி’ பதிப்புகள். இந்தியாவிலும் காலனிகளிலும் மட்டுமே விற்பதற்கு என்று உள்ளே அச்சிட்டிருக்கும். லண்டன் பதிப்பு வந்த அதே வருடம்கூடப் போட்டிருக்கும், ஆனாலும் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் லண்டன் பதிப்பைத்தான் தேடுவார்கள். எனக்கென்னவோ, ஊட்டிக்காரன் வீட்டு அலமாரிக்குக் காலனியல் பதிப்புதான் பொருத்தம்!

கொடைக் குறிஞ்சி: எங்கள் பக்கம் கதை வேறு. 1845இலிருந்தே கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டியிருந்ததால் பழைய பெட்டியைத் திறந்தால் நியூயார்க் புத்தகங்களும் வரும். அங்கே ஹார்ப்பர் என்ற பதிப்பகத்தார் 1912இலிருந்து தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் இரண்டு ஆங்கில எழுத்து போட்டார்கள், முதலாவது மாதம், அடுத்தது வருடம். ஏ என்றால் ஜனவரி, அப்படியே எண்ணிக்கொண்டு போகலாம், ஆனால் ஜே கிடையாது, அதனால் அக்டோபருக்கு கே. வருடத்துக்கு 1912 எம், 1913 என். ஆக ‘கே-என்’ என்றால் 1913 அக்டோபர். காப்புரிமை வருடத்தைவிட எழுத்து பிந்தியிருந்தால் மறுஅச்சு, சந்தேகமே வேண்டாம். அப்புறம் கிராசெட் அண்ட் டன்லப் என்று புத்தக முதுகில் இருந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். மற்றவர்களின் அச்சுத் தகடுகளை வாங்கி மலிவாகப் போட்டவர்கள் அவர்கள், பழைய காப்புரிமை வருடம் அப்படியே நிற்கும், அதைக் காட்டித்தான் விற்பார்கள்.

குன்னூரான்: ரொம்ப நன்றி. திருப்பிப் பார்த்தேன், நாவல்களில் பாதிக்கு மேல் காலனியல்தான். ‘தி டோடாஸ்’ பின்புறத்தில் மறுஅச்சு வரி எதுவும் இல்லை. அதை நம்பலாமா?

பழையதாள்: அதையும் பாதிதான் நம்பலாம், ஏனென்றால் பிற்காலத்தில் பழைய பிரதியைப் படமெடுத்து அப்படியே அச்சடித்தவற்றிலும் 1906 என்று இருக்கலாம். புகைப்படங்களை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அசலில் படம் தெளிவாக இருக்கும், நகலில் பெரும்பாலும் கருப்பு அப்பியிருக்கும். கடைசியில் தோடர்களின் வம்சாவளி அட்டவணைகள் வரும், அவை முழுதாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். அது குறைந்தால் முதல் பதிப்பாக இருந்தும் விலை போகாது.

கொடைக் குறிஞ்சி: உள்ளே நூலக முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள் குன்னூரான். ராமபாணப் பூச்சி அரித்த புத்தக முதுகில் செல்லோடேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், பசை மஞ்சளாகி அட்டைத் துணியில் இறங்கிவிடும். தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், முதுகு மூன்றையும் படமெடுத்து இங்கே போடுங்கள், அதுவரைக்கும் அந்த வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டாம்.