புதுப்பிப்பு: தம்பி மூக்கில் பந்து பட்ட விஷயம்
கிரிக்கெட் பந்து பட்டு தம்பிக்கு மூக்கு வீங்கி ரத்தம் வந்தது, எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தேன் இல்லையா, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டியாச்சு. எக்ஸ்ரே பெரிதாக உதவாதாம். அவர் முதலில் லைட் அடித்துப் பார்த்தது மூக்கின் நடுச்சுவரைத்தான்: அங்கே ரத்தம் கட்டி உப்பியிருந்தால் உடனே கீறி வெளியேற்ற வேண்டும், விட்டால் குருத்தெலும்பு அழிந்து மூக்குத்தண்டு பள்ளமாகிவிடும். நல்லவேளை, அது இல்லை. வீக்கம் வடிந்ததும் மறுபடி பார்த்தார், லேசான கோணல்தான், மரத்துப்போக ஊசி போட்டு நிமிர்த்திவிட்டார். இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகவே கூடிவிடும்.

அப்புறம், மூக்கில் ரத்தம் நிற்கத் தலையை அண்ணாந்து வைக்கச் சொன்னவர்களுக்கு: முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடிப்பதுதான் முறை. மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகினால் நேரே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.