புதுப்பிப்பு: அம்மாவுக்குக் காப்பீடு கிடைத்துவிட்டது

மேலூரில் எங்களோடு வந்துவிட்ட அம்மாவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். சேர்த்தாச்சு.

"முதல்ல ரேஷன் கார்டைப் பாருங்க" என்று சொன்ன அக்காவுக்குக் கோடி நன்றி. சிக்கலே அங்கேதான். அம்மா பெயர் இன்னும் அண்ணன் கார்டில் இருந்தது. அதை நீக்கி எங்கள் கார்டில் ஏற்றத்தான் நாள் பிடித்தது. பிறகு வருமானச் சான்று: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

ஆதாரோடு அம்மாவையும் மதுரை கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்கு அழைத்துப் போனோம். பிரீமியம் எதுவும் கிடையாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை.

ஆபரேஷன் செலவை நினைத்தே முழங்கால் வலியை மறைத்து வந்த அம்மா, நேற்று ராத்திரி தானாகவே, "எப்பய்யா டாக்டரப் பாக்கப் போவோம்?" என்று கேட்டார்.