2857 எண் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்ட கதை

டெட்ராய்ட் பக்கத்தில் டியர்பார்ன் ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குப் பழைய கார்களைப் பார்க்கத்தான் போனோம். வெள்ளைக்காரருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்துக் கைதானாரே ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், அந்த 2857 எண் பஸ்ஸும் அங்கேதான் நிற்கிறது. ஏறி உட்காரலாம். பின்சீட்டில் இருந்த கறுப்பினப் பெரியவர் தானாகவே பேச்சுக் கொடுத்தார். அலபாமாவின் மான்ட்கோமரிதான் சொந்த ஊராம். ரோசா பார்க்ஸ் கைதானதை எதிர்த்து அந்த ஊர்க் கறுப்பர்கள் பஸ்ஸைப் புறக்கணித்த போராட்டம் நடந்தபோது பள்ளிக்கூடப் பையன்.

முதலில் சீட்டுக் கணக்கைச் சொன்னார். முன்னால் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பர் உட்காரக் கூடாது. முன்வாசலில் ஏறிக் காசைப் போட்டுவிட்டு, இறங்கிப் பின்வாசலுக்கு நடக்க வேண்டும். அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு, காசும் போச்சு! நடுப்பகுதியில் உட்காரலாம். ஆனால் ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்றாலும் அந்த வரிசையே எழுந்து இடம் விட வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் இருந்தது அந்த நடுப்பகுதியில். வெள்ளையர் சீட்டில் போய் உட்கார்ந்தார் என்று இன்னமும் எழுதுகிறார்கள், எரிச்சலாக வருகிறது.

அப்புறம் அந்தப் பெரியவர் தன் அம்மாவின் கதையைச் சொன்னார். வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் வேலை. டிசம்பர் 5 முதல் 381 நாள் பஸ் ஏறவில்லை. ஆரம்பத்தில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான பத்து சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். 45 சென்ட்டுக்குக் குறைத்தால் குற்றம் என்று நகர நிர்வாகம் மிரட்டியது. உடனே கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஓட்டினார்கள், சுமார் 300 கார்கள். போலீஸ் சும்மா சும்மா மறித்து அபராதம் போட்டது. இன்னொரு கூத்து: சமைக்க ஆள் வேண்டுமே என்று எஜமானியம்மாக்கள் சிலர் தாங்களே காரில் வந்து கூட்டிப்போனார்கள். மேயருக்கு வந்த கோபம்!

பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா, தோழிகளோடு சிக்கனும் கேக்கும் செய்து விற்றுக் கூட்டத்தில் பணத்தைக் கொட்டுவாராம். யார் கொடுத்தது என்று கேட்டால் 'எங்கிருந்தும் வரவில்லை' என்பது பதில். குழுவுக்குப் பெயரே அதுதான். காட்டிக்கொடுத்தால் வேலை போய்விடுமே. நீதிமன்றத்தில் சாட்சி சொன்னதற்காக கில்மோருக்கு உண்மையிலேயே வேலை போனது. மேடைப் பேச்சுகளைவிட இந்தச் சமையலறைகள்தான் போராட்டத்தைத் தாங்கின என்பேன்.

*

(இதற்கு வாசகர் ஒருவரின் மறுமொழி) அண்ணா, நான் மான்ட்கோமரிக்கே போயிருக்கிறேன். போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய மார்ட்டின் லூதர் கிங் குடியிருந்த வீட்டைக் காட்டுகிறார்கள். 1956 ஜனவரி 30 இரவு வாசல் திண்ணையில் குண்டு வெடித்தபோது உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஆத்திரத்தோடு திரண்ட கூட்டத்தைக் கிங்தான் அமைதியாக வீட்டுக்கு அனுப்பினார். வயது 27!

நீங்கள் விட்ட ஒரு பெயர் கிளாடெட் கால்வின். பதினைந்து வயதுப் பெண், 1955 மார்ச்சிலேயே எழுந்திருக்க மாட்டேன் என்று கைதானவர். பஸ் பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதிகள் அவரும் வேறு மூன்று பெண்களும்தான், ரோசா பார்க்ஸ் அதில் இல்லை. பஸ் பிரிவினை செல்லாது என்ற கீழ் நீதிமன்றத் தீர்ப்பை 1956 நவம்பர் 13-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உத்தரவு கைக்கு வரும்வரை, டிசம்பர் 20 வரை, ஜனங்கள் நடந்துகொண்டேதான் இருந்தார்கள்.