மறு: மறு: கிட்டார் ஃபீட்பேக்குக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

தாள்காரி எழுதியது, திங்கள் இரவு:

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒருமுறை ஓர் இசைத்தொகுப்பை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறோம் அல்லவா, இந்த மாதம் இளையர்கள் பிடிவாதம் பிடித்து அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் 1990இல் வெளியிட்ட ‘பேஷன் அண்ட் வார்ஃபேர்’ தொகுப்பை வைத்துவிட்டார்கள். பாட்டே கிடையாது. 14 உருப்படியும் கிட்டார்தான். நடுநடுவே யாரோ பேசுகிறார்கள், ஓரிடத்தில் டீச்சர் ஒருவர் வாசிக்கச் சொல்லிக் கூப்பிட, கிட்டார் அடங்காத பையன் மாதிரி வகுப்பையே ரகளை ஆக்குகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

வருகிறவர்களில் பாதிப் பேர் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய பெரியவர்கள். அவர்களுக்காகத் தமிழில் இரண்டு பக்கத் தாள் தயாரிக்கிறேன். சுரம் நீண்டு நிற்கிற சஸ்டெய்னுக்குக் கார்வை என்று போட்டுவிட்டேன், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். ஒலிபெருக்கியிலிருந்து வருகிற சத்தமே தந்தியை மறுபடி ஆட்டிச் சுரத்தை ஓயாமல் நிறுத்துகிறதே, அந்த ஃபீட்பேக்கில்தான் மாட்டிக்கொண்டேன். அகராதியில் பின்னூட்டம் என்றுதான் இருக்கிறது. “கலைஞர் ஒலிபெருக்கிக்கு அருகில் நின்று பின்னூட்டம் வரவழைக்கிறார்” என்று எழுதி என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். “கச்சேரி நடக்கும்போதே கருத்துக் கேட்கிறாரா?” என்றார். வெள்ளி மதியம் அச்சுக்குப் போகவேண்டும். காப்பாற்றுங்கள்.

சொல்லேர் எழுதியது:

> அகராதியில் பின்னூட்டம் என்றுதான் இருக்கிறது.

அதில் என்னம்மா குறை? பின் + ஊட்டம். வெளியே போனதைத் திரும்ப உள்ளே ஊட்டுவது. ஆங்கிலத்திலும் இதே சொல்தான் கருத்துக்கும் கிட்டாருக்கும் இரண்டு வேலையும் பார்க்கிறது. அவர்கள் யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. வலைப்பதிவுக்காரர்கள் கருத்துக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதால் பொறியியல் தன் சொல்லை இழக்கவேண்டுமா? குளிர்சாதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுச் சுற்றில் இருப்பதும் பின்னூட்டம்தான். ஒரே நிகழ்வு, ஒரே சொல். இடத்துக்கு ஒரு பெயர் வைத்தால் கலைச்சொல் இல்லை, செல்லப்பெயர்.

ஒலிக்காரன் எழுதியது:

அண்ணே, நான் 20 வருஷத்துக்கு மேலாகக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறேன். ஒருத்தர்கூட “தம்பி, பின்னூட்டம் வருது” என்று என்னைக் கூப்பிட்டதில்லை. “மைக் கத்துது” என்பார்கள், கொஞ்சம் கோபமாக இருந்தால் “மைக் ஊளையிடுது”. ஊளை என்று போட்டால் தாளைப் படிக்கிற எல்லாருக்கும் அடுத்த நொடியே காது கூசும். அதைவிட விளக்கம் வேண்டுமா?

மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கை வாங்கிக்கொண்டு நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்பார், பார்த்திருப்பீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் விழும், மைக் அதை மறுபடியும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஒரு சுற்றில் குறைகிற சத்தத்தைவிட ஆம்ப் ஏற்றிவிடுகிற சத்தம் கூடுதலாக இருந்தால் அவ்வளவுதான், யாராவது ஒலியைக் குறைக்கிறவரை கத்திக்கொண்டே இருக்கும்.

பெடல் எழுதியது:

வணக்கம் அங்கிள், அக்கா. தேசிய சேவையில் இருக்கிறேன், வார இறுதியில்தான் மின்னஞ்சல் பார்ப்பேன், இன்று விடுப்பு, தப்பித்தேன். இந்தத் தொகுப்பை வைக்கச் சொன்ன குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

ஊளை வேண்டாம். மைக் கத்துவது விபத்து. கிட்டாரில் அதை வேண்டுமென்றே வளர்க்கிறோம். போன மாதம் ஜாம்மிங் ஸ்டூடியோவில் ஆம்புக்கு இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டு மூன்றாவது தந்தியில் ஒரு சுரம் பிடித்து நிறுத்தினேன். முதலில் வழக்கம்போலத் தேய ஆரம்பித்தது. அப்புறம் ஆம்பிலிருந்து வருகிற காற்று தந்தியை ஆட்டுவது விரல் நுனியிலேயே தெரிந்தது, கிட்டார் உடம்பு வயிற்றில் அதிர்ந்தது, அதே சுரம் தேய்வதை நிறுத்திவிட்டு மெல்லத் தடித்தது. உடம்பை லேசாக இடப்பக்கம் திருப்பினேன், சுரம் வழுக்கிக்கொண்டு மேல் ஸ்தாயிக்கு ஏறி நின்றது. நான் மறுபடி மீட்டவே இல்லை. மைக் மாதிரி எங்கிருந்தோ வருகிற கீச்சு இல்லை இது, என் தந்தியின் சுரம்தான். 1964இல் பீட்டில்ஸின் ‘ஐ ஃபீல் ஃபைன்’ தொடங்குவதே இப்படி ஒரு ஒலியில்தான். அதற்குப் பிறகு கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதைப் பழக்கிய நாய்க்குட்டி மாதிரி கூட்டிக்கொண்டு திரிந்தார். ஊளை என்று சொன்னால் அழுதுவிடுவேன்.

ஒலிக்காரன் எழுதியது:

தம்பி, நாய்க்குட்டி என்று நீதான் சொன்னாய். நாய் ஊளைதான் விடும்.

யாழ்ப்பித்தன் எழுதியது, செவ்வாய் பின்னிரவு:

அன்பர்களே, சொல் நம் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது, நாம் ஊரெல்லாம் தேடுகிறோம். சிலம்பில் வேனிற்காதை. கோவலன் பிரிந்துபோன பிறகு மாதவி யாழை எடுக்கிறாள்.

செம்பகை ஆர்ப்பே கூடம் அதிர்வே
வெம்பகை நீக்கும் விரகுளி அறிந்து

நான்கும் யாழ் நரம்புக்கு வரும் குற்றங்கள். பண்ணோடு சேராத ஓசை செம்பகை. அளவு மீறி ஒலிப்பது ஆர்ப்பு. தெளிவில்லாமல் மழுங்கி வருவது கூடம். சிதறி ஒலிப்பது அதிர்வு. இப்போது மின்கிட்டார்க்காரன் காலடியில் வரிசையாக இருக்கும், ஒலியை மாற்றுகிற பெடல் பெட்டிகளைப் பாருங்கள். நம் ஆட்கள் நீக்கச் சொன்ன நான்கு பகையையும் அவன் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறான்! தந்தியைச் சிதறவைக்க ஒரு பெட்டி, மழுக்க ஒரு பெட்டி. இந்தத் தொகுப்பைக் கேட்டேன், என் மகன் போட்டுக் காட்டினான். இரண்டாயிரம் வருஷத்துக் குற்றப்பட்டியலை ஒருவர் எடுத்து அலங்காரப்பட்டியலாக்கி வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. ஒலியைச் சிதைக்கிற டிஸ்டார்ஷன் = அதிர்வு. ஃபீட்பேக் = ஆர்ப்பு. முடிந்தது.

இன்னொன்று. இந்தக் குற்றங்கள் எங்கிருந்து வருகின்றன என்றால் மரத்திலிருந்து என்கிறார்கள் உரைகாரர்கள். நீரில் நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடி விழுந்த மரம். சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு போட்டிக்கு வந்த சீவகன், தனக்குக் கொடுத்த யாழையெல்லாம் இந்தக் கணக்கில்தான் தள்ளுகிறான். பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் பையன்கள் மணிக்கணக்காக மஹோகனி மரமா மேப்பிள் மரமா என்று வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். சீவகன் அங்கே வந்தால் ஒரு பயல் கிட்டார் விற்கமுடியாது.

வாத்தியார், தோ பாயோ, எழுதியது:

ஐயா, படிக்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கு உயர்நிலை மூன்றில் போய் “ஆர்ப்பு” என்று கரும்பலகையில் எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் கை உயரும்: “சார், ஆர்ப்பாட்டமா?” தாளில் “இவர் மேடையில் ஆர்ப்பு செய்கிறார்” என்று இருந்தால், ஆர்ப்பாட்டத்துக்கு இடம் தருகிற ஹாங் லிம் பூங்காவில் போய்ச் செய்யச் சொல்லுங்கள் என்பார்கள் நம் பெரியவர்கள்.

புதுச்சொல்லே ஆகாது என்று நான் சொல்லவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேம நிதி) என்றால் மதுரைக்காரருக்கு ஒன்றும் புரியாது, நமக்குப் பேருந்தில் பேசுகிற சொல். ஆனால் அவை தினம் நாளிதழில் வந்து வந்து பழகின. மாதம் ஒருமுறை 40 பேர் கூடுகிற இடத்தில் ஒரு சொல் எப்படிப் பழகும்? பார்த்தவுடன் பாதியாவது புரியவேண்டும். மீள்முழக்கம் என்று போடலாம். மீண்டும் வருகிறது, முழங்குகிறது.

யாழ்ப்பித்தன் எழுதியது:

> பார்த்தவுடன் பாதியாவது புரியவேண்டும்.

வாத்தியாரே, முழக்கமும் ஆர்ப்பாட்டக்காரர் கையில் இருக்கிற சரக்குதான், பதாகையில் எழுதுகிறார்களே, அது என்ன? நீங்கள் தள்ளின வாசல் வழியே நீங்களே உள்ளே வருகிறீர்கள். தவிர முழக்கம் தோல் கருவிக்கு உரியது, இடிக்கும் முரசுக்கும். நரம்பை முழக்குவார்களா?

ஆர் என்ற வேரைக் கொஞ்சம் பாருங்கள். ஆர்கலி என்றால் கடல், ஒலித்துக்கொண்டே இருப்பதால். கடலை யாராவது ஒவ்வோர் அலைக்கும் மீட்டுகிறார்களா? அதே ஆர்தல் என்பதற்கு உண்ணுதல், நிறைதல் என்றும் பொருள். சொல்லேர் ஐயாவின் ஊட்டமும் இதற்குள் வந்துவிட்டது! தன் ஒலியைத் தானே ஆர்ந்து ஆர்ப்பது ஆர்ப்பு. இதைவிடச் சுருக்கமாக இந்த இயற்பியலை எந்த மொழியில் சொல்வீர்கள்?

கிட்டாருக்கும் நமக்கும் உள்ள உறவு பற்றித் தனியாக எழுதுகிறேன். கிட்ட நின்று ஆர்ப்பதால் கிட்டார் என்று ஓர் எண்ணம் இருக்கிறது.

சொல்லேர் எழுதியது:

ஐயா, மன்னிக்கவேண்டும். உண்ணுகிற ஆர் “ஆர்ந்தான்” ஆகும். ஒலிக்கிற ஆர் “ஆர்த்தான்” ஆகும். ஆர்ப்பு இரண்டாவதிலிருந்து மட்டும்தான் பிறக்கும். இறந்தகாலம் ஒட்டாத இரண்டு வினையை ஒரே இலையில் உட்காரவைத்துவிட்டீர்கள். கிட்டார் கதையை விட்டுவிடுங்கள், தமிழ்ப்படி பார்த்தால் கிட்டார் என்பது எதிர்மறை, கிட்ட வராதவர், அதாவது பகைவர். கித்தாரா என்ற கிரேக்கக் கருவிப் பெயரின் வழியில் வந்த சொல் அது, கிதார் என்று எழுதுவதே முறை.

தாள்காரி எழுதியது, புதன்:

என் புளோக்கில் எட்டாவது மாடிப் பையன் வாங்கியது பகைவர் என்ற பொருளில்தான், அது மட்டும் உறுதி.

நாளை மறுநாள் அச்சு. இதுவரை பின்னூட்டம் 1, ஊளை 1, ஆர்ப்பு 1, மீள்முழக்கம் 1. பெடல் தம்பி எதற்கும் கை தூக்கவில்லை. சிலம்பின் கானல்வரியில் யாழ் வாசிக்கும் எட்டுக் கரணம் வருமே, வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று, அதில் எதுவும் இதற்குப் பொருந்தாதா?

யாழ்ப்பித்தன் எழுதியது:

பொருந்தாது அம்மா. அவை எட்டும் விரல் செய்கிற வேலை. இங்கே சிறப்பே விரல் சும்மா இருப்பதுதான். வேண்டுமானால் வலக்கை விரலையும் கிட்டார் கழுத்தில் தட்டி வாசிக்கிறார்களே, அதற்கு உருட்டல் என்று பார்க்கலாம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

வாத்தியார் எழுதியது:

வேண்டாம்.

பெடல் எழுதியது:

நான் ஃபீட்பேக் என்றே போடச் சொல்வேன் அக்கா. மிருதங்கத்தை வெள்ளைக்காரர் மிருதங்கம் என்றுதானே சொல்கிறார். அது முடியாது என்றால் ஆர்ப்பு. எனக்கு அந்த நான்கு குற்றம் கதை ரொம்பப் பிடித்துவிட்டது, கேம்ப்பில் தோழர்களிடம்கூடச் சொன்னேன், என் பெடல் பலகையில் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்று ஸ்டிக்கர் ஒட்டப்போகிறேன்.

அப்புறம் ஒரு விஷயம். இந்தத் தொகுப்பில் இல்லை, 1995இல் வந்த ‘ஏலியன் லவ் சீக்ரெட்ஸ்’ தொகுப்பில், ‘யா-யோ காக்’ என்ற உருப்படியில் ஸ்டீவ் வாய் தன் குட்டிப் பையனின் குரலுக்கு இணையாக வாசித்திருக்கிறார், குழந்தை ஒன்று சொல்ல கிட்டார் அதையே திருப்பிச் சொல்லும். இவர் ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவிடம் சேர்ந்ததே காதால் கேட்டதை அப்படியே இசைக்குறிப்பாக எழுதிக் கொடுக்கிற வேலைக்குத்தான். மழலையையும் விடவில்லை.

வாத்தியார் எழுதியது:

இதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா தம்பி! குழலினிது யாழினிது என்பவர்கள் மழலை கேளாதவர்கள் என்றார் வள்ளுவர். இங்கே யாழே மழலையைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் நகல் எடுக்கிறது. தாளில் முதல் பத்தி இதுதான். பெரியவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே வந்துவிடுவார்கள். ஃபீட்பேக்கை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லேர் எழுதியது:

போட்டிக்கு நிற்கிறவர்கள் ஓய்ந்துவிட்டதால் நானும் மீள்முழக்கத்துக்கு வாக்களிக்கிறேன். சொல் நன்றாக இருப்பதால் இல்லை. இலக்கணப் பிழை இல்லாததால்.

ஒலிக்காரன் எழுதியது:

எனக்கும் சரி. நாளை தேக்காவில் ஒரு கல்யாணம், ஸ்பீக்கர் ஏற்றவேண்டும்.

தாள்காரி எழுதியது, வெள்ளி காலை:

மூன்று வாக்கு விழுந்துவிட்டது, மீள்முழக்கம். அனுப்பிவிட்டேன். வாத்தியார் சொன்னபடி குறள் முதல் பத்தியில். யாழ்ப்பித்தன் ஐயாவின் நான்கு குற்றம் இரண்டாம் பக்கத்தில் முழுப் பத்தியாக வந்திருக்கிறது, அதில் ஆர்ப்பு என்ற சொல்லும் அப்படியே இருக்கிறது, எதையும் வெட்டவில்லை ஐயா. எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு மாலை வாருங்கள், கோப்பியும் கறிப்பப்பும் உண்டு.

யாழ்ப்பித்தன் எழுதியது:

வருகிறேன். நரம்பு முழங்காது என்ற என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒலிக்காரன் எழுதியது, திங்கள்:

நேற்று கூட்டத்தில் என் மைக்தான். நன்றியுரை சொல்ல வந்தவர் ஸ்பீக்கர் பக்கம் போக, கத்திவிட்டது, மன்னிக்கவும். கையில் தாளை வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த யாழ்ப்பித்தன் ஐயாவே “மைக் கத்துது பாரு” என்றார்.

யாழ்ப்பித்தன் எழுதியது:

அது மைக். மைக்குக்கு நரம்பு ஏது?

சொல்லேர் எழுதியது:

தாள் கிடைத்தது. தலைப்பில் கிதார் என்றும் உள்ளே ஒன்பது இடத்தில் கிட்டார் என்றும் இருக்கிறது. யார் பிழை திருத்தியது?